முத்தை 'விளைய' வைத்த ஜப்பானியர்: மிகிமோட்டோ உண்மையில் சாதித்தது என்ன?

நகைக்கடையில் இன்னைக்கு ஒரு முத்து மாலை வாங்கினால், அது யாரோ கடலில் மூழ்கி எடுத்த முத்தாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. பெரும்பாலும் அது பண்ணையில் விளைந்த முத்துதான். தூத்துக்குடி முத்துக்குளித்தல் இப்போ பழைய கதையாகிப் போனதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கு.

இந்த மாற்றத்துக்கு உலகம் சொல்லும் பெயர் ஒன்றே ஒன்று. கோகிச்சி மிகிமோட்டோ. ஆனால், முத்தை உருவாக்கும் நுட்பத்தைக் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தானா? இல்லை என்றால் அவர் பங்கு என்ன? ஒரு நூடுல்ஸ் கடைக்காரரின் மகன் 'முத்து ராஜா' ஆன கதையைப் பார்ப்போம்.

யார் இந்த மிகிமோட்டோ?

1858இல் ஜப்பானின் டோபா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அப்பா 'உடோன்' எனப்படும் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். குடும்பத்தில் மூத்த மகன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுட்டு காய்கறி விற்கப் போனார்.

அவருடைய வியாபார மூளைக்கு ஜப்பானில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1875இல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் டோபாவுக்கு வந்தது. மற்ற வியாபாரிகள் படகில் போய்க் கூவிக் கூவி விற்றபோது, இவர் படகில் மல்லாந்து படுத்து, கால்களாலேயே பொருட்களைச் சுழற்றி வித்தை காட்டினாராம். மாலுமிகள் சிரித்தபடி அவரைக் கப்பலுக்குள் கூப்பிட்டார்கள். கொண்டுபோன சரக்கு விற்றுப்போனது.

டோபா பகுதிக் கடலில் 'ஆமா' எனப்படும் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கி சிப்பி, சங்கு, கடற்பாசி எடுப்பார்கள். அந்தச் சிப்பிகளில் எப்பவாவது ஒரு முத்து கிடைக்கும். 1878இல் டோக்கியோ, யோகோஹாமா போய்ப் பார்த்தபோதுதான், தன் ஊர்க் கடலில் கிடைக்கும் முத்துக்கு வெளியே என்ன விலை என்று மிகிமோட்டோவுக்குப் புரிந்தது.

ஆனால் அந்த விலையே சிப்பிக்கு எமனாகிவிட்டது. முத்து இருக்குமோ என்ற ஆசையில் எல்லாச் சிப்பியையும் எடுத்து உடைத்ததில் சிப்பி இனமே குறையத் தொடங்கியது. இப்படியே போனால் முத்தும் இருக்காது, சிப்பியும் இருக்காது. 1888இல் அகோ விரிகுடாவின் ஷின்மெய் பகுதியில் கடன் வாங்கிச் சிப்பி வளர்ப்பைத் தொடங்கினார்.

முத்து எப்படி உருவாகுது?

சிப்பியின் ஓட்டை ஒட்டி உள்பக்கம் ஒரு மெல்லிய தசைப் படலம் இருக்கும். ஓட்டின் பளபளப்பான உட்புறத்தைச் சுரப்பது இந்தப் படலம்தான். ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ இதன் செல்கள் சில சிப்பியின் உடம்புக்குள் தள்ளப்பட்டால், அங்கே ஒரு சின்னப் பை மாதிரி வளரும். அந்தப் பைக்குள்ளும் அதே பளபளப்புப் பொருள் அடுக்கடுக்காகச் சுரக்கும். அதுதான் முத்து.

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகுது என்பது நம்ம ஊர்ப் பழைய நம்பிக்கை. மணல் துகள் உள்ளே போய் முத்தாகுது என்று இன்னும் பலர் சொல்வார்கள். சிப்பி எந்நேரமும் கடல்நீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும் உயிர். உள்ளே வரும் மணலை வெளியே தள்ள அதற்கு நல்லாவே தெரியும்.

மிகிமோட்டோ தொடங்கிய காலத்தில் இந்த விவரம் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் முத்தைச் செயற்கையாக வரவைக்கும் முயற்சி அவருக்கு முன்பே இருந்தது. சீனாவில் பல நூற்றாண்டுகளாகவே நன்னீர்ச் சிப்பியின் ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே சின்னப் புத்தர் உருவங்களைச் செருகி, அதன்மேல் முத்துப் பூச்சு படியவைத்தார்கள். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ்கூட 18ஆம் நூற்றாண்டில் நன்னீர்ச் சிப்பியில் முத்து வரவைத்திருக்கிறார். ஆனால் அது ஒரு தொழிலாக வளரவில்லை.

திருப்புமுனை எது?

1890இல் டோக்கியோவில் நடந்த தேசியத் தொழில் கண்காட்சி. அங்கே டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் ககிச்சி மிட்சுகுரியைச் சந்தித்தார். ஓட்டுக்கும் படலத்துக்கும் நடுவே ஒரு பொருளை வைத்தால் முத்துப் பூச்சு படியும் என்ற அறிவியல் விளக்கம் அவருக்குக் கிடைத்தது அங்கிருந்துதான்.

எதை வைப்பது? எங்கே வைப்பது? சிப்பி அதை வெளியே துப்பாமல் இருக்க என்ன பண்ணுவது? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பல சிப்பிகள் உள்ளே வைத்ததைத் துப்பின. பல செத்துப்போயின.

வளர்த்ததெல்லாம் ஒரே அடியில் போனது எப்படி?

1892இல் அகோ விரிகுடாவில் கடல் நிறம் மாறியது. 'ரெட் டைட்' என்று சொல்கிறார்களே, அந்தச் செந்நீர்தான். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பாசிகள் திடீர்னு கோடிக்கணக்கில் பெருகும்போது தண்ணீர் சிவந்துவிடும். ஆக்சிஜன் குறையும். சில வகைப் பாசிகள் நேரடியாகவே சிப்பியைக் கொல்லும்.

இதில் ஒரு கொடுமை இருக்கு. சிப்பிக்கு யாரும் தீனி போடுவதில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளை வடிகட்டித்தான் அது சாப்பிடுகிறது. கூண்டுக்குள் இருக்கும் சிப்பியால் ஓடவும் முடியாது. அதற்குச் சோறு வரும் வழியிலேயே சாவும் வந்தது.

ஷின்மெய் பண்ணை அழிந்தது. ஆனால் டோபா அருகே ஒரு சின்னத் தீவை ஒட்டி வளர்த்த சிப்பிகள் தப்பின. 1893 ஜூலை 11 அன்று மிகிமோட்டோவும் மனைவி உமேயும் அவற்றைத் திறந்து பார்த்தார்கள். ஓட்டோடு ஒட்டிய அரைவட்ட முத்துகள் இருந்தன. 1896இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே 1896இல் உமே இறந்துபோனார். வயசு 32. ஐந்து குழந்தைகள். கடன் நெருக்கிய வருஷங்களில் குடும்பத்தையும் வேலையையும் சேர்த்துத் தாங்கியவர் அவர். 1899இல் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் மிகிமோட்டோ முத்துக்கடை திறந்தபோது பார்க்க உமே இல்லை.

உருண்டை முத்தைக் கண்டுபிடித்தது யார்?

கழுத்தில் போடும் மாலைக்கு அரைவட்ட முத்து உதவாது. முழு உருண்டை வேண்டும். 1905இல் மறுபடியும் செந்நீர். இந்த முறை செத்தது சுமார் 8.5 லட்சம் சிப்பிகள். செத்த சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, சிலவற்றில் உருண்டை முத்து கிடைத்தது. இது சாத்தியம்தான் என்று தெரிந்தது அந்த அழிவில்தான்.

ஆனால் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் உருண்டை முத்து முறை மிகிமோட்டோவுடையது இல்லை. அதற்கு 'மிஸே–நிஷிகாவா முறை' என்று பெயர். டட்சுஹெய் மிஸே ஒரு தச்சர். டோகிச்சி நிஷிகாவா ஒரு விலங்கியல் ஆய்வாளர், மிட்சுகுரியின் மாணவர். அதோடு மிகிமோட்டோவின் மகளைக் கட்டிய மருமகன். 1907இல் இரண்டு பேரும் தனித்தனியாகக் காப்புரிமை கேட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே முறை என்பதால் பிறகு சமரசமாகி இரண்டு பெயரும் சேர்ந்தன. நிஷிகாவா 1909இலேயே இறந்துவிட்டார்.

இவர்களுக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் வேலை செய்த பிரிட்டிஷ் உயிரியலாளர் வில்லியம் சாவில்-கென்ட் இதைக் கண்டிருந்தார், அந்த விவரம்தான் ஜப்பானுக்கு வந்தது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

முறை என்ன? சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த ஒரு சின்ன உருண்டை. வேறொரு சிப்பியின் படலத்திலிருந்து வெட்டிய சின்னத் துண்டு. இரண்டையும் சேர்த்து, உயிரோடு இருக்கும் சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள் வைக்க வேண்டும். படலத் துண்டு வளர்ந்து உருண்டையை மூடிக்கொள்ளும். அதன்மேல் முத்துப் பூச்சு படியும். மிகிமோட்டோவுக்குத் தனியாக ஒரு முறை இருந்தது, 1908இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். உருண்டை முழுவதையும் படலத்தால் மூட்டை மாதிரி கட்டி வைக்கும் அந்த முறை கஷ்டமானது. கடைசியில் அவர் பண்ணைகளும் எளிய முறைக்கே மாறின.

அப்போ மிகிமோட்டோவின் சாதனை என்ன?

வளர்ப்பு. அறுவை சில நிமிஷ வேலை. அதற்கு முன்னும் பின்னும் சிப்பியை வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதுதான் தொழில். குஞ்சுச் சிப்பிகள் வந்து ஒட்டிக்கொள்ள இடம் அமைத்துப் பிடிக்கணும். கூடையில் போட்டு மிதவையிலிருந்து தொங்கவிடணும். ஓட்டில் ஒட்டும் கொட்டலசு, பாசியைச் சுரண்டணும். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாற்றணும். செந்நீர் வந்தால் கூடைகளை நகர்த்தணும். இத்தனை செய்தும் பல சிப்பி சாகும். தேறுவதில் முதல் தர முத்து கொஞ்சம்தான்.

ஒரு ஆய்வகத்தில் நடந்த வெற்றியை, பல ஊர்க் கடல்களில், லட்சக்கணக்கான சிப்பிகளில், வருஷாவருஷம் திரும்ப நடத்திக் காட்டியவர் மிகிமோட்டோ. இரண்டு முறை எல்லாம் போன பிறகும் மறுபடி கூடை கட்டினார். அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோகும் துணிச்சலும் அவருடையது.

'போலி முத்து' சர்ச்சை என்ன?

1921இல் லண்டன் வைர, முத்து வியாபாரிகள் அதிர்ந்தார்கள். ஜப்பான் முத்தும் கடல் முத்தும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. இது போலி என்று லண்டனிலும் பாரிஸிலும் பெரிய சண்டை. பாரிஸில் வழக்கு வரை போனது. பிரான்ஸின் லூயி பூட்டான், இங்கிலாந்தின் லிஸ்டர் ஜேம்சன் போன்ற விஞ்ஞானிகள், இரண்டின் பூச்சும் ஒன்றுதான் என்றார்கள். 1924இல் சர்ச்சை மிகிமோட்டோவுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் 'வளர்ப்பு முத்து' என்று சொல்லித்தான் விற்கணும் என்ற வழக்கம் நிலைத்தது.

1927இல் அமெரிக்காவில் தாமஸ் எடிசனைச் சந்தித்தார். தன் ஆய்வகத்தில் உருவாக்க முடியாத பொருள் இது என்று எடிசன் வியந்தார். 1932இல், தரக்குறைவான முத்துகளை கோபே நகரில் எல்லார் கண்முன்னும் குவித்து எரித்தார் மிகிமோட்டோ. மட்டமான சரக்கால் பெயர் கெடக் கூடாது என்பதுதான் காரணம். விளம்பரமாகவும் அது வேலை செய்தது. 1954இல், 96 வயதில் காலமானார்.

யார் வாழ்க்கை மாறியது?

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. குவைத், பஹ்ரைன் போன்ற இடங்களில் முத்துக்குளித்தலை நம்பியே ஊர்கள் வாழ்ந்தன. 1930களில் உலகப் பொருளாதாரச் சரிவும் ஜப்பான் முத்தும் சேர்ந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தன.

மன்னார் வளைகுடாவின் கதை கொஞ்சம் வேற. இங்கே முத்துப் பார்களில் சிப்பி சில வருஷம் நிறைந்திருக்கும், பல வருஷம் காணாமல்போகும். 1902இல் ஹெர்ட்மன், ஹார்னெல் என்ற விஞ்ஞானிகள் இலங்கைப் பக்கம் இதை ஆராய்ந்தார்கள். முத்துக்குக் காரணம் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் என்ற முடிவுக்குப் போனார்கள். அதே காலத்தில் ஜப்பானில் படலத்தின் செல்களைப் பிடித்துக்கொண்டார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

பிறகு 1973இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சுவாமி, தூத்துக்குடியில் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1981இல் அங்கேயே சிப்பியைத் தொட்டியில் முட்டையிடவைத்து, இளம்பருவங்களுக்கு நுண்பாசி கொடுத்து வளர்க்கவும் முடிந்தது. கடலில் சிப்பி வருமா வராதா என்று காத்திருக்க வேண்டாம் என்ற நிலை அதனால் வந்தது.

அகோ விரிகுடா இப்போ எப்படி?

1960களின் கடைசியில் ஜப்பானில் முத்து அளவுக்கு மீறி விளைந்து விலை சரிந்தது. நெருக்கமாகத் தொங்கிய கூடைகளின் கழிவு விரிகுடாவின் அடியில் சேர்ந்தது. 1992இல் அகோ விரிகுடாவில் மறுபடியும் செந்நீர் வந்து முத்துச்சிப்பிகளைக் கொன்றது. மிகிமோட்டோவின் முதல் பண்ணை அழிந்து சரியாக 100 வருஷம் கழித்து.

முத்து வரவைக்கும் வித்தை இன்று பலருக்கும் தெரியும். சிப்பிக்கு நல்ல தண்ணீர் தருவதுதான் இன்னும் முடியாத வேலையாக இருக்கு.