தொலைநோக்கியின் அடியில் துயில்பவர்

கொடையாளர் வரலாற்றை ஈகையில் தொடங்குவது மரபு. ஜேம்ஸ் லிக்கின் வரலாற்றை அவ்வாறு தொடங்க இயலாது. ஊரார் அவரைக் கருமி என்றே அறிந்திருந்தனர்.

அவர் 1796ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். இளமையில் மாவாலைக்காரர் ஒருவரின் மகளை விரும்பினார். பொருளற்றவனுக்குப் பெண் இல்லையென்று அவள் தந்தை மறுத்துவிட்டார் என்பர். அப்பெண்ணோ லிக்கின் மகனை ஈன்றாள். ஊரை விட்டகன்ற லிக், தென்னமெரிக்காவில் பியானோ செய்து பொருளீட்டி, 1848 சனவரியில் சான்பிரான்சிஸ்கோ வந்திறங்கினார். கலிஃபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டதும் அம்மாதமே. ஊரார் பொன் தோண்ட ஓடினர். இவரோ மனைகளை வாங்கிக் குவித்தார். பின்னாளில் விலையுயர்ந்த மகாகனி மரத்தால் இழைத்து மாவாலை ஒன்றும் கட்டினார். பழைய மறுப்புக்கு அதுவே விடை போலும்!

1874இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. எகிப்தியப் பிரமிடை விஞ்சும் நினைவுச்சின்னம் ஒன்றைத் தமக்கு எழுப்பிக்கொள்ளவும் அவர் எண்ணியதுண்டு. ஜார்ஜ் டேவிட்சன் என்னும் அறிஞர் அவர் உள்ளத்தை வானின்பால் திருப்பினார். உலகிலேயே ஆற்றல் மிக்க தொலைநோக்கிக்கென 7,00,000 டாலர் ஒதுக்கினார் லிக். பெற்ற மகனுக்கு முதலில் எழுதியதோ அற்பத் தொகை. இந்தக் கணக்கு எமக்கு இன்றும் நேராகவில்லை.

1876இல் அவர் மறைந்தபோது வானாய்வகத்துக்கு அடிக்கல்லும் இடப்படவில்லை. ஏறத்தாழ 4,200 அடி உயர ஹாமில்டன் மலையுச்சியைச் சமன்செய்வதே பெரும்பாடாயிற்று. 36 அங்குல வில்லைக்கான கண்ணாடி பாரிசில் பன்முறை வார்க்கப்பட்டுப் பழுதாயிற்று. ஒருவாறு தேறியதை ஆல்வன் கிளார்க் குடும்பத்தார் தீட்டி முடித்தனர். 1888இல் வானாய்வகம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உடைமையாயிற்று. 1892இல் எட்வர்டு பார்னார்டு அத்தொலைநோக்கி வழியே வியாழனின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டார். முதல் நான்கையும் கலிலியோ கண்டு 282 ஆண்டுகள் கழிந்திருந்தன. பார்னார்டும் வறுமையில் வளர்ந்து, சிறு வயதிலேயே நிழற்படக் கூடத்தில் கூலிக்கு உழைத்தவர்.

1897இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகம் 40 அங்குல வில்லையால் அதை முந்தியது. வில்லையை விளிம்பில் மட்டுமே தாங்கலாம். பெரிதானால் தன் எடையாலேயே வளையும். ஆடியையோ பின்புறம் முழுதும் தாங்கலாம். ஆதலின் பிற்காலத்தார் ஆடிகளையே நாடினர். ஹாமில்டன் மலையிலும் 1959இல் 120 அங்குல ஆடித் தொலைநோக்கி அமைந்தது.

லிக்கின் உடலை 1887 சனவரியில் மலைக்குக் கொணர்ந்து, எழும்பிக்கொண்டிருந்த வானாய்வகத்தில் பெருந்தொலைநோக்கியைத் தாங்கும் தூணின் அடியில் அடக்கம் செய்தனர். வில்லைகள் அப்பொழுது குழலில் பொருத்தப்பட்டிருக்கவில்லை.