பாரிஸில் ஒரு சீனக் கோபுரம்

1880 இல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்த சி. ரி. லூ, 1902 இல் ஒரு செல்வரின் பணியாளராகப் பாரிஸ் வந்து சேர்ந்தார். ஆசியக் கலைப்பொருட்களைத் தேடி வாங்கி விற்கும் தொழிலில் உயர்ந்து, பாரிஸிலும் நியூயோர்க்கிலும் கடை நிறுவினார். 1926 அளவில் பாரிஸ் மாளிகையொன்றைச் செந்நிறச் சீனக் கோபுரமாக மாற்றியமைத்தார்.

தாங் பேரரசர் தைசோங்கின் கல்லறையை அணிசெய்த ஆறு கற்குதிரைகளுள் இரண்டை அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு விற்றவர் அவரே. காஞ்சிப் பகுதி யோகினிச் சிலைகளும் அவர் கைக்கு வந்து பல நாடுகளுக்குச் சிதறின. மேலைநாட்டார் சீனக் கலையை மதிக்க வழிசெய்தவர். தாய்நாட்டின் செல்வம் வெளியேறவும் அவரே வழியானார்.

1949 இல் சீனாவில் ஆட்சி மாறியபின் அங்கிருந்து பொருள் வருவது நின்றது. 1957 இல் அவர் காலமானார். செங்கோபுரம் இன்றும் நிற்கிறது. கற்குதிரைகள் இரண்டும் இன்னும் ஊர் திரும்பவில்லை.