பேராசிரியர் ஹோல்டேன்

ஆங்கில நாட்டிலே பிறந்து, பாரத நாட்டின் குடிமகனாய் மறைந்த பேரறிஞர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஒக்ஸ்போர்ட் நகரிலே தோன்றினார். தந்தையார் சுவாசத்தை ஆராய்ந்த அறிஞர். மைந்தர் சிறு வயதிலேயே தந்தையின் பரிசோதனைகளுக்குத் தம் உடலை ஒப்புக்கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற பட்டம் விஞ்ஞானப் பட்டமன்று. பண்டைய இலக்கியத்திலும் தத்துவத்திலும் பெற்றதாகும். ஆயினும் பரம்பரையியலில் அவர் எய்திய இடத்தை எய்தியோர் மிகச் சிலரே.

இலண்டனிலே பேராசிரியராயிருந்த காலத்தில், குருதி உறையாநோய் பற்றி அவர் ஆராய்ந்தார். அக்காலத்தில் அந்நோயுற்ற ஆண்மக்களுட் பலர் சந்ததியின்றியே மாண்டனர். அங்ஙனமாயின் நோயும் சில தலைமுறைகளில் அற்றுப்போயிருக்க வேண்டுமே! அற்றுப்போகவில்லை; ஏனெனில் நோயறியாக் குடும்பங்களிலும் அது புதிதாய்த் தோன்றுகின்றது. பரம்பரையலகில் நேரும் இத்தகைய மாற்றமே விகாரம் எனப்படும். அது தலைமுறையொன்றில் ஏறக்குறைய 50,000க்கு ஒன்றாக நிகழ்கின்றதென 1935இல் அவர் கணித்தார். 1947இல் மேலும் ஒரு படி சென்றார். மகனுக்கு அந்நோய் தாய் வழியாகவே வரினும், விகாரம் பெரும்பாலும் முதலில் நேர்வது ஆணிடத்தே, அதாவது தாயைப் பெற்ற பாட்டனாரிடத்தே எனக் காட்டினார்.

இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. 1953இல் வாட்சன், கிரிக் என்போர் டி.என்.ஏ.யின் அமைப்பை வெளியிட்டனர். முறுக்கிய ஏணி போன்ற அதன் படிகள் நான்கு எழுத்துக்களின் சோடிகளால் ஆனவை. கலம் பிரியுமுன் ஏணி நடுவே பிளக்கின்றது; ஒவ்வொரு பாதியும் தனக்குரிய சோடி எழுத்துக்களைச் சேர்த்து முழு ஏணியாகின்றது. ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் பிழைவிடுவது போல இங்கும் பிழை நேரும். நொதியங்கள் அதனைத் திருத்தும். எனினும் 100 கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவிலே தப்பிவிடும். பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் பிறக்குமுன்பே பெருகி முடிகின்றன. ஆணின் விந்துக்கலங்களோ வயது வந்தபின் முதுமைவரை புதிது புதிதாய்த் தோன்றுகின்றன. படியெடுப்புக் கூடக்கூடப் பிழையும் கூடும்.

1957இல் ஹோல்டேன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்திற் சேர்ந்தார். மரக்கறி உணவையும் நம்மவர் உடையையும் தமதாக்கிக்கொண்டார். 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்திலே புற்றுநோயாற் காலமானார். சிறுவனாய் ஆராய்ச்சிக்குக் கொடுத்த உடலை இறந்தபின்னும் கொடுத்தார். அது காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் மருமகள் கொண்டுவந்த தோஷம் எனப் பழிக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பழியைப் பாட்டனார் தலையில் ஏற்றவும் நியாயமில்லை. எவரும் அறியாமல், எவர் விருப்பமுமின்றி, படியெடுப்பில் நேர்ந்த பிழைக்குக் குற்றவாளி யார்? பெரியோர் இதனைச் சிந்திப்பாராக. இளைஞரே, அப்பழிச்சொல் உங்கள் வீட்டில் எழுமாயின், பணிவோடு மறுத்துரையுங்கள். அழுதுகொண்டிருக்கும் தாய் ஒருத்திக்கு அதுவே ஆறுதலாகும்.