பூட்டு செஞ்சவரே பூட்டைச் சந்தேகப்பட்டார்

நெட்வொர்க்கில் லாகின் பண்றது நீங்கதான்னு சர்வர் எப்படி நம்புது? யோசிச்சிருக்கீங்களா? அதுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ரோஜர் நீடம்.

1935-ல் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து அங்கேயே ஆசிரியரானார். 1960-களில் அங்கிருந்த டைட்டன் கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், திருப்பி எடுக்க முடியாத வடிவத்தில் சேமிக்க வைத்தார். ஃபைல் திருடு போனாலும் பாஸ்வேர்டு நேரா கைக்குக் கிடைக்காது.

1978-ல் மைக்கேல் ஷ்ரோடருடன் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருத்தருக்கும் ஆதென்டிகேஷன் சர்வரோடு மட்டும் ஒரு ரகசியச் சாவி. நீங்க கேட்டால், சர்வர் ஒரு புதுச் சாவியும் டிக்கெட்டும் தரும். அந்த டிக்கெட்டை எதிர்முனையில் இருப்பவர் மட்டுமே திறக்க முடியும். இதிலிருந்து வளர்ந்ததுதான் எம்.ஐ.டி.-யின் கெர்பரோஸ். இன்னைக்கு விண்டோஸ் டொமைன் லாகினில் இருப்பதும் அதுதான்.

ஆனா இந்த மாதிரி முறைகளில் கண்ணுக்குத் தெரியாத தப்பு இருக்கலாம், சரிபார்க்க வழி வேணும்னு அதே கட்டுரையிலேயே எழுதி வைத்தார். சொன்ன மாதிரியே ஆச்சு. திருடு போன பழைய சாவியையும் டிக்கெட்டையும் வைத்து ஏமாற்றலாம் என்று 1981-ல் டென்னிங்கும் சாக்கோவும் காட்டினார்கள். தீர்வு, டிக்கெட்டில் நேரம் போடுவது. கெர்பரோஸில் கடிகாரம் பொதுவா 5 நிமிஷத்துக்கு மேல் தப்பினால் லாகின் ஆகாததுக்குக் காரணம் இதுதான்.

நீடம் கோபப்படவில்லை. 1989-ல் பர்ரோஸ், அபாடியுடன் சேர்ந்து, இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேட ஒரு தர்க்க முறையையே உருவாக்கினார். அதையும் தாண்டி, 1978 கட்டுரையின் இன்னொரு முறையில் இருந்த ஓட்டை 1995 வரை ஒளிஞ்சிருந்தது. கேவின் லோ கண்டுபிடித்தார்.

2003-ல் நீடம் காலமானார். அடுத்த முறை உங்க ப்ராஜெக்ட் ஓடிடுச்சுன்னா, அது சரியா இருக்குன்னு அர்த்தம் இல்லை. இன்னொருத்தர்கிட்ட கொடுத்து உடைக்கச் சொல்லுங்க.