ரோசாப்பூ துரை

சட்டசபை அங்கத்தினரின் பெருமையை அவர் ஸ்தானம் வகித்த காலத்தைக் கொண்டு அளப்பது பலர் வழக்கம். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் விஷயத்தில் அவ்வளவுகோல் பயன்படாது. 1937-ல் காங்கிரஸ் அபேட்சகராக மத்திய சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பெற்ற அவர், ஓராண்டு நிறையுமுன் காலமானார். ஆயினும் உசிலம்பட்டிச் சீமை அவரை இன்றளவும் மறந்திலது. காரணம் யாது?

திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில் 1887-ல் பிறந்த ஜோசப், எடின்பரோவில் எம்.ஏ. பட்டமும் லண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1909-ல் தாய்நாடு திரும்பினார். பின்னர் மதுரையில் தொழில் நடத்தினார். அக்காலத்தில் பிறமலைக் கள்ளர்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. ஜனங்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். குற்றம் புரியாதவனும் கைரேகை பதிய வேண்டும். இரவில் போலீசார் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். பிறப்பையே குற்றமாக்கிய இக்கொடுமையை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி சர்க்காரின் துப்பாக்கி பல உயிர்களைக் குடித்தது. அவ்வேழைக் குடியானவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ஜோசப். மொழியாலும் மதத்தாலும் வேறான அவரை அவர்கள் ரோசாப்பூ துரை என்று தம்மவராக்கிக்கொண்டனர்.

மதுரை ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் காண உழைத்தவரும் அவரே. ஒத்துழையாமை இயக்கத்தில் வருவாய் மிக்க வக்கீல் தொழிலைத் துறந்தார். அலகாபாத்தில் இண்டிபெண்டெண்ட் பத்திரிகையை நடத்திச் சிறை புகுந்தார். 1923-ல் காந்தியடிகளின் யங் இந்தியா ஆசிரியரானார். 1924-ல் வைக்கத்தில் தீண்டாமையை எதிர்த்து மீண்டும் சிறையேகினார். அது ஹிந்துக்கள் தீர்க்க வேண்டிய விவகாரம் என்பது காந்தியடிகளின் கருத்து. மனிதனை மனிதன் இழிவு செய்வதை ஒரு மதத்தாரின் தனி விவகாரமாக ஜோசப் கருதவில்லை. தலைவருடன் மாறுபடவும் அவர் அஞ்சியதில்லை.

1938 மார்ச் 5-ந் தேதி மதுரையில் அவர் ஆவி பிரிந்தது. ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-லேதான். வெற்றியைக் காண அவர் இல்லை.

சொத்தும் வரியும் உள்ளோர்க்கே வாக்குரிமை இருந்த நாட்களில், வாக்கற்றவருக்காக உழைத்தவர் அவர். டில்லி ஸ்தானம் பின்னர் வந்தது. ஜனங்கள் நெஞ்சில் அவர் பெற்ற ஸ்தானம் முன்பே அமைந்துவிட்டது. வாக்கை எண்ணியே தொண்டினை அளந்திடும் அரசியல்வாதிகள் யானைக்கல்லில் நிற்கும் அவர் சிலையைக் கடக்கும்போதேனும் இதனைச் சிந்திப்பாராக என்பதே நாம் வேண்டுவது.