நோயாளியின் அருகில் நின்ற ஆசான்

மருத்துவ உலகில் ‘கிறேவ்ஸ் நோய்’ என வழங்கும் நோய்க்குப் பெயர் தந்தவர் றொபேட் ஜேம்ஸ் கிறேவ்ஸ். அவர் அந்நோய்க்கு மருந்து கண்டவர் அல்லர். அதன் காரணத்தை அறிந்தவரும் அல்லர். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது. ஏன் என்பதை அவர் வாழ்வு உணர்த்தும்.

1796 ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் திரினிற்றிக் கல்லூரியிற் சமயவியற் பேராசிரியர். அக்கல்லூரியிலேயே 1818 இல் மருத்துவப் பட்டம் பெற்ற கிறேவ்ஸ், மேலும் கற்க விரும்பி ஐரோப்பிய நகரங்களை நாடிச் சென்றார். பிறமொழிகளை எளிதிற் கற்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. ஒருமுறை கடவுச்சீட்டின்றி ஒஸ்திரியாவிற் பயணித்தபோது, அந்நியர் ஒருவர் இத்துணைச் செம்மையாக ஜேர்மன் பேச இயலாதென ஐயுற்ற அதிகாரிகள், அவரை ஒற்றரெனக் கருதிப் பத்து நாட்கள் சிறையில் அடைத்தனர்.

சிறைக்கு வழிகாட்டிய அம்மொழியறிவே சிறந்த கல்விக்கும் வழிகாட்டியது. ஜேர்மனியில் மாணவர்கள் நோயாளரைத் தாமே ஆராய்ந்து, நோயை நிர்ணயித்துப் பயிலும் முறையைக் கண்டார். 1821 இல் டப்ளின் மீத் வைத்தியசாலையிற் பணியேற்றதும் அம்முறையை அங்கு புகுத்தினார். காய்ச்சல் கண்டோரைப் பட்டினி போடும் வழக்கத்தை எதிர்த்து, அவர்களுக்கு உணவூட்டினார். தம் கல்லறையிற் பொறிக்கத்தக்க செயலாக அதனையே கருதினார்.

1835 இல் அவர் வெளியிட்ட விரிவுரையொன்று மூன்று பெண்களைப் பற்றியது. நெடுநாள் நீடித்த கடும் நெஞ்சுப் படபடப்பும், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் வீக்கமும் அவர்களிடம் ஒருங்கே காணப்பட்டன. வேறொரு பெண்ணுக்குக் கண்களும் வெளித்தள்ளியிருந்தன. நெஞ்சு வேறு, கழுத்து வேறு எனப் பிரித்துப் பாராது, இரண்டிற்கும் தொடர்புண்டு என அவர் எண்ணினார். இங்கிலாந்தின் பரி இதனை முன்னரே கண்டிருந்தார். ஜேர்மனியின் பாசெடோ 1840 இல் விவரித்தார். பிரான்சின் துரூசோ என்னும் மருத்துவ அறிஞரே கிறேவ்ஸின் பெயரைச் சூட்டினார். 1853 இல், 60 வயதை எட்டுமுன்னரே, கிறேவ்ஸ் மறைந்தார்.

அவர் காணாத காரணத்தை அறிவியல் பின்னர் கண்டது. 1956 இல் நியூசிலாந்தின் அடம்ஸ், பேர்வ்ஸ் இருவரும் நோயாளரின் குருதியில் இச்சுரப்பியை நெடுநேரம் தூண்டும் பொருளொன்றைக் கண்டனர். அது பிறபொருளெதிரி எனப் பின்னர் தெளிவாயிற்று. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவலே தவறிச் சுரப்பியைத் தூண்ட, தைரொயிட் ஓமோன் மிகுகின்றது. உடல் மெலிகின்றது, கைகள் நடுங்குகின்றன, நெஞ்சு படபடக்கின்றது. பெண்களையே மிகுதியாகப் பற்றும் இந்நோயை இன்று மாத்திரையாலும், கதிரியக்க அயடீனாலும், சத்திரசிகிச்சையாலும் கட்டுப்படுத்தலாம்.

எம் இல்லத்துத் தாயோ தமக்கையோ நெஞ்சு படபடக்கின்றது என்றால், மனக்கவலை என்று தள்ளிவிடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். நோயுற்றவரின் அருகில் நின்று உற்று நோக்கிய அந்த ஆசானுக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.