ஆட்டத்தில் தோற்றவர்... அறிவியலில் ஜெயித்தவர்!



சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா நம்ம ஹாஸ்டல்ல என்ன நடக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒர்க் ஷாப் கிரீஸ் போகக் கையைக் கழுவிட்டு வந்து, ஏதாவது ஒரு ரூமில் செஸ் போர்டை விரிப்போம். ரெண்டு பேர் ஆடுவாங்க, எட்டு பேர் ஐடியா சொல்வாங்க. படிக்கிற நேரத்துல என்ன விளையாட்டு என்று யாராவது விரட்டும் வரை ஆட்டம் ஓடும்.

இப்படி நண்பர்களோடு பலகை முன்னால் கழித்த மாலைகளிலிருந்து உலகத்துக்கே ஒரு புதிய சிந்தனையைத் தந்த ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர்தான் ஆலன் டூரிங். கணிப்பொறி இயலின் தந்தை என்று போற்றப்படுபவர்.

அவருடைய தாயார் எத்தல் சாரா 1881-ல் எங்கே பிறந்தார் தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில்! தாத்தா எட்வர்ட் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. டூரிங் மட்டும் 1912 ஜூன் 23-ம் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோர் வேலை நிமித்தம் இந்தியா திரும்ப, அண்ணனும் தம்பியும் இங்கிலாந்தில் வேறொருவர் வீட்டில் வளர்ந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த டூரிங், 1936-ல் ஒரு கற்பனை இயந்திரத்தைக் காகிதத்திலேயே வடிவமைத்தார். ஒரு நீளமான நாடா, அதில் எழுதவும் அழிக்கவும் ஒரு தலை, சில விதிகள். அவ்வளவுதான். இன்றைய கணிப்பொறிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கருத்து அதுவே. அப்போது அவருக்கு வயது 24.

1939-ல் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர்களின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைக்க, பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஒரு கூட்டம் சேர்ந்தது. அப்போது பியூனஸ் அயர்ஸில் செஸ் ஒலிம்பியாட் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து அணி, ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியது. அந்த அணியின் ஹியூ அலெக்சாண்டர், மில்னர்-பேரி, கோலம்பெக் மூவரும் பின்னர் பிளெட்ச்லி வந்து சேர்ந்தார்கள். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் போட்ட அஸ்திவாரத்தின் மேல், டூரிங் பாம்ப் என்ற மின் இயந்திரத்தை வடிவமைத்தார். ஆள் பற்றாக்குறையால் வேலை தேங்கியபோது, 1941 அக்டோபரில் டூரிங், வெல்ச்மன், இரண்டு செஸ் வீரர்கள் ஆகிய நால்வரும் மேலதிகாரிகளைத் தாண்டி நேராகப் பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். உதவி உடனே கிடைத்தது.

இப்ப வேடிக்கையைக் கேளுங்க. இத்தனை செஸ் புலிகளுக்கு நடுவே இருந்த டூரிங், செஸ்ஸில் ரொம்ப சுமார்! பெரிய ஆட்டக்காரர்களோடு ஆடினால் தோல்விதான். அதனால் தனக்குச் சமமான ஒரு சின்னப் பையனைப் பிடித்துக்கொண்டார். அவர் டொனால்ட் மிச்சி. வெள்ளிக்கிழமை மாலைகளில் வால்வர்டன் ஊரில் ஒரு மதுக்கடையில் இருவரும் போர்டை விரிப்பார்கள். ஆட்டத்தோடு பேச்சும் நடக்கும். இயந்திரத்துக்கு செஸ் சொல்லித்தர முடியுமா? தன் தப்பிலிருந்து அது தானாகக் கற்குமா? இதுதான் பேச்சு. அந்த மிச்சி பின்னாளில், 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் வைத்தே பூஜ்யம்-பெருக்கல் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் ஒரு அமைப்பைச் செய்து காட்டினார்.

போர் முடிந்த பிறகு, 1948-ல் நண்பர் சாம்பர்னோனுடன் சேர்ந்து டூரிங் ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, பிஷப்புக்கு மூன்றரை, யானைக்கு 5, ராணிக்கு 10 என்று மதிப்புப் போட்டு, எந்த நகர்த்தலில் லாபம் என்று கணக்குப் பார்க்கும் விதிகள். ஆனால் அதை ஓட்டிக்காட்ட மெஷின் இல்லை. என்ன செய்தார்? தானே மெஷின் ஆனார்! 1952-ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்பவர் எதிரே உட்கார, டூரிங் பேப்பர் பென்சிலோடு விதிப்படி மட்டும் கணக்குப் போட்டார். ஒரு நகர்த்தலுக்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். 29-வது நகர்த்தலில் பேப்பர் மெஷின் தோற்றது.

அதே 1952-ல்தான் அவர் வாழ்க்கையில் இடி விழுந்தது. ஓர் ஆணோடு உறவு கொண்டார் என்பதற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். அந்த நேரத்தில் அவருக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறி நல்ல வார்த்தை சொன்னவர்களில் ஒருவர், பழைய செஸ் நண்பர் ஹியூ அலெக்சாண்டர். இருந்தும் தண்டனை வந்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சை. நாட்டைக் காத்தவருக்கு நாட்டின் ரகசியப் பணியில் இடமில்லாமல் போனது. 1954 ஜூன் 7-ம் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்று விசாரணையில் முடிவானது.

உலகம் தாமதமாகத்தான் விழித்தது. 1966 முதல் அவர் பெயரால் கணிப்பொறித் துறையின் உயர்ந்த விருது வழங்கப்படுகிறது. 2012-ல், அவரது நூற்றாண்டு விழாவில், அந்தப் பழைய புரோகிராம் கணிப்பொறியில் ஓடியது. எதிரே ஆடிய காஸ்பரோவ் 16 நகர்த்தலில் வென்றார். 2013-ல் அரசி மன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம் வந்தது.

நண்பர்களே, லேப்பில் மெஷின் சரியில்லை, அதனால் செய்முறை வரவில்லை என்று நாம் சாக்குச் சொல்கிறோம். மெஷினே இல்லாமல் புரோகிராம் எழுதி, தானே மெஷினாக உட்கார்ந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம். இன்னொன்று. நம்மோடு சாயங்காலம் செஸ் ஆடும் கூட்டத்தில், மற்றவர்களைப்போல இல்லாத ஒருவன் இருக்கலாம். அவனைக் கேலி செய்து ஒதுக்குவதா, அலெக்சாண்டரைப் போலப் பக்கத்தில் நிற்பதா?

அடுத்த நகர்த்தல் நம்முடையது.